பத்தில் ஒருவன்

(கலைக்கப்பட்ட ஓர் இத்தாலியக் காலாட்படையின் வரலாறு)

இராணுவத்தார் ஒரு ரெஜிமெண்டை வெறும் மனிதர் கூட்டமாக எண்ணுவதில்லை. அதற்கென்று தனி உயிர் ஒன்று உண்டு என்றே கொள்வர். வீரர்கள் வருவர், மடிவர், வீடு திரும்புவர், தளபதிகள் மாறுவர். எண்ணும் பெயரும் கொடியும் மட்டும் மாறா. ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டாலும் கொடியை எறிந்துவிடுவதில்லை. ரோமாபுரியின் நடுவே விட்டோரியானோ என்னும் பெரிய நினைவு மாளிகை இருக்கிறது. கலைந்துபோன இத்தாலியப் படைகளின் கொடிகளை அங்கே ஒரு கூடத்தில் பேணிக் காத்து வருகிறார்கள். ஒரு கொடிக்கு எந்தப் போருக்காக எந்தப் பதக்கம் கிடைத்தது என்பதைக் கேட்டால் இராணுவப் பதிவேடு சொல்லும்.

பதக்கங்களின் பட்டியலில் ஏறாத செய்திகளும் உண்டு. அத்தகைய செய்தி ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் பயில்வது இயற்பியல்; சரித்திரம் என் துறையன்று. ஆயினும் ‘கட்டன்சாரோ’ என்னும் பெயர் தாங்கிய 141-ஆம், 142-ஆம் காலாட்படை ரெஜிமெண்டுகளின் வரலாற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. அது மனித உயிர்களை வைத்துப் போட்ட கணக்கு. அதனை விஞ்ஞானம் பயிலும் நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

படை பிறந்த கதை

தேசப்படத்தில் இத்தாலி, பூட்ஸ் அணிந்த கால்போலத் தோன்றும். அக்காலின் விரல்ப் பகுதியே கலாப்ரியா மாகாணம். மலையும் வறுமையும் மிகுந்த நாடு அது. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேர் எழுத்தறியாதவர். அம்மாகாணத்தின் நகரங்களுள் ஒன்று கட்டன்சாரோ.

முதல் உலகப் போரில் இத்தாலி 1915 மே மாதம் இறங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே புதிய பிரிகேடுகளை அமைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவற்றுள் ஒன்று கட்டன்சாரோ பிரிகேடு. பிரிகேடு ஒன்றுக்கு ரெஜிமெண்டு இரண்டு. அவ்வாறே 141-உம் 142-உம் பிறந்தன. அவற்றில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் தென்னாட்டு உழவர்கள். ஏரும் ஆடும் தவிர வேறறியாத அவர்களை, இரயில் வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நாட்டின் வடகிழக்கு எல்லைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே வழங்கும் பேச்சு அவர்களுக்கு அரைகுறையாகவே விளங்கும். பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு அந்த நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர்கள் சென்று நின்ற இடம் இசோன்சோ ஆற்றங்கரையும், அதையடுத்த கார்சோ மேட்டு நிலமும். கார்சோ முழுவதும் சுண்ணாம்புப் பாறை. தோண்டினால் குழி விழாது. குடிக்க நீர் கிடைக்காது. குண்டு விழுந்து வெடித்தால் இரும்புச் சில்லோடு கல்லும் சிதறி உயிரை வாங்கும். 1915 ஜூன் முதல் 1917 செப்டம்பர் வரை இத்தாலியப் படை அந்த முனையில் பதினொரு பெரும் போர்களைத் தொடுத்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் போயினர். முன்னேறிய தூரமோ மிகக் குறைவு.

இப்போர்களில் 141-ஆம் ரெஜிமெண்டு காட்டிய வீரத்தை யாரும் ஐயுற்றதில்லை. அதன் கொடிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. இத்தாலிய இராணுவத்தில் வீரத்துக்கு அதனினும் உயர்ந்த பதக்கம் இல்லை. சான் மிக்கேலே, ஒஸ்லாவியா, ஆசியாகோ மேட்டு நிலம், நாட் லோகெம் ஆகிய இடங்களில் 1915 ஜூலை முதல் 1916 ஆகஸ்டு வரை போரிட்டமைக்காக அது அளிக்கப்பட்டது. இந்த இடங்களுள் ஆசியாகோவையும், அந்தத் தேதிகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மோஷாக் மலையில்

1916 மே 15-ஆம் நாள் ஆஸ்திரியப் படை ஆல்ப்ஸ் மலைப் பக்கமாகப் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. இத்தாலிய அணிகள் பின்வாங்கின. முறிந்த அணியைத் தாங்குவதற்காகக் கட்டன்சாரோ பிரிகேடை ஆசியாகோ மேட்டு நிலத்துக்கு விரைந்து அனுப்பினார்கள். மே 26-ஆம் நாள், மோஷாக் மலையின் காட்டுக்குள், ஆலங்கட்டி மழைக்கு நடுவே எதிரி பாய்ந்தான். 141-ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த சிலர் நிலைகுலைந்து காட்டுக்குள் சிதறினர். எதிரியிடம் பீரங்கிகள் சிக்கின. மறுநாளே அதே ரெஜிமெண்டு திரும்பித் தாக்கிப் பீரங்கிகளை மீட்டது. பயனெட்டால் பீரங்கியை மீட்ட இச்செயலே பிற்காலத்தில் ரெஜிமெண்டின் இலட்சிய வாசகமாகவும் ஆயிற்று.

அடுத்த நாள், மே 28-ஆம் தேதி, ரெஜிமெண்டின் தளபதி கர்னல் அத்தீலியோ தெர்மெஸ் ஆணையிட, அப்படையைச் சேர்ந்த 12 பேரை அவர்களுடைய தோழர்களே சுட்டுக் கொன்றார்கள். ஓர் இளநிலை அதிகாரி, மூன்று சார்ஜெண்டுகள், எட்டுச் சிப்பாய்கள். விசாரணை நடக்கவில்லை, இராணுவ நீதிமன்றம் கூடவில்லை. சிதறி ஓடியவர்களுள் பத்துக்கு ஒருவராகச் சீட்டுப் போட்டு அந்த எட்டுச் சிப்பாய்களையும் எடுத்தார்கள். தலைமைத் தளபதி லூயிஜி கடோர்னா கர்னலைக் கண்டிக்கவில்லை, பாராட்டினார்.

பழைய ரோமாபுரியின் வழக்கம்

பத்தில் ஒருவரைக் கொல்லும் இந்தத் தண்டனை புதிதன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் இதனை விவரித்திருக்கிறார். ஒரு படைப்பிரிவு போரில் புறங்காட்டி ஓடினால் அதிலிருந்து ஏறத்தாழப் பத்தில் ஒருவரைச் சீட்டுப் போட்டு எடுப்பர். தடியால் அடித்துக் கொல்வர். மிஞ்சியவர்க்குக் கோதுமைக்குப் பதிலாக வாற்கோதுமை கொடுத்து, பாசறைக்கு வெளியே படுக்கச் செய்வர். ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளை எதிர்த்த போரில், கி.மு. 71-ஐ ஒட்டி, கிராசஸ் என்னும் ரோமானியத் தலைவன் தன் படை மீதே இத்தண்டனையைப் பயன்படுத்தினான்.

ஆனால் 1869-இல் இயற்றப்பட்ட இத்தாலிய இராணுவத் தண்டனைச் சட்டத்தில் சீட்டுப் போட்டுக் கொல்வதற்கு இடமே இல்லை. சட்டம் சொல்லாததைச் சுற்றறிக்கை சொல்லிற்று. பின்வாங்குபவனை அங்கேயே சுட மேலதிகாரிக்கு உரிமை உண்டென்று 1915 செப்டம்பர் 28-ஆம் நாள் கடோர்னா அறிவித்தார். 1916 நவம்பர் 1-ஆம் நாள் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கூட்டாகச் செய்த குற்றத்தில் குற்றவாளியை இன்னாரென்று அறிய முடியாதபோது, சந்தேகத்துக்குரியவர்களுள் சிலரைச் சீட்டால் தேர்ந்து கொல்வது தளபதிகளின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்றார். மே மாதத்தில் ஒரு மலைக்காட்டில் ஒரு கர்னல் செய்தது நவம்பரில் சேனை முழுவதுக்கும் விதியாயிற்று.

சாந்தா மரியா லா லோங்கா

1917-ஆம் ஆண்டின் கோடை. ஹெர்மாடா மலையருகே நடந்த போரில் நலிந்த கட்டன்சாரோ பிரிகேடு, போர்முனைக்குப் பின்னே சாந்தா மரியா லா லோங்கா என்னும் சிற்றூரில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தது. இரண்டாண்டு யுத்தத்துக்குப் பின் தங்களை அமைதியான வேறு பகுதிக்கு அனுப்புவார்கள் என்று சிப்பாய்கள் நம்பியிருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரவேண்டிய பதினைந்து நாள் விடுப்பும் பலருக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. இந்நிலையில், மீண்டும் கார்சோவுக்கே போக வேண்டும் என்ற ஆணை வந்தது.

ஜூலை 15-ஆம் நாள் இரவு கலகம் வெடித்தது. முதலில் 142-ஆம் ரெஜிமெண்டில் துப்பாக்கிகள் முழங்கின. விரைவில் பிரிகேடு முழுவதும் குலுங்கிற்று. குமுறலை முன்னரே மோப்பம் பிடித்திருந்த மேலிடம் கராபினியேரி என்னும் காவற்படையை அருகில் நிறுத்தி வைத்திருந்தது. குதிரைப்படையும் கவச மோட்டார்களும் வந்தன. விடிவதற்குள் கலகம் அடங்கியது. அந்தச் சண்டையில் 2 அதிகாரிகளும் 9 சிப்பாய்களும் மாண்டனர்.

பொழுது விடிந்ததும் தண்டனை. துப்பாக்கியும் கையுமாகப் பிடிபட்டவர்களுள் குழல் இன்னும் சூடாக இருந்தவர்கள் 16 பேர். அவர்களைத் தனியே பிரித்தார்கள். பிறகு, 142-ஆம் ரெஜிமெண்டின் 6-ஆம் கம்பெனியில் 120 பேரை நிறுத்தி, பத்துக்கு ஒருவராக 12 பேரைச் சீட்டால் எடுத்தார்கள். ஆக 28 பேரை ஊர் இடுகாட்டு மதிலருகே சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வேறு சிலர் இராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சிய பிரிகேடு போர்முனைக்கு நடந்தது. புகழ்பெற்ற கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோ அப்போது அவ்வூரில் தங்கியிருந்தார். சுடப்பட்டதை நேரிற் கண்டார். அதைப் பற்றி எழுதியும் வைத்தார். யுத்தத்தை வாழ்த்திப் பாடியவர் அவர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இனி என் துறைக்கு வருகிறேன். அன்று கொல்லப்பட்டவர்கள் இரண்டு வகையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முதல் பதினாறு பேருக்குச் சான்று என்று ஒன்று இருந்தது: சூடான குழல். சுட்டால் குழல் சூடேறும்; அது பௌதிக விதி. ஆயினும் எவரைச் சுட்டான், எதற்காகச் சுட்டான் என்பதைச் சூடு சொல்லாது. ஆகவே அது குறையுள்ள அளவீடு. ஆனாலும் அளவீடு. சீட்டோ அளவீடே அன்று.

120 பேரில் உண்மையாகச் சுட்டவர்கள் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக நான் கொண்ட எண்; உண்மை எண் அன்று.) 12 பேரைச் சீட்டால் எடுத்தால், குற்றவாளி ஒருவன் சாவதற்குரிய வாய்ப்பு என்ன? பத்தில் ஒன்று. குற்றமற்றவன் சாவதற்குரிய வாய்ப்பு என்ன? அதுவும் பத்தில் ஒன்றே. சுட்டவனுக்கும் அடுத்த கொட்டகையில் உறங்கிக் கிடந்தவனுக்கும் சீட்டு எந்த வேறுபாடும் காட்டாது. சராசரியாகப் பார்த்தால் பன்னிரண்டு பிணங்களுள் இரண்டு குற்றவாளிகளுடையவை; பத்து, குற்றமற்றவர்களுடையவை. இன்னொரு கணக்கும் உண்டு. இத்தகைய குலுக்கலை மீண்டும் மீண்டும் நடத்தினால், ஏறத்தாழப் பத்தில் ஒரு முறை பன்னிருவருமே குற்றமற்றவர்களாக அமைந்துவிடுவர். குற்றவாளி இருபது பேரும் சாவினின்றும் தப்பி நின்று பார்த்துக்கொண்டிருப்பர்.

கடோர்னாவின் தரப்பையும் சொல்வது நியாயம். ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் படையில் திரட்டிய நாடு அது. 1917 மார்ச்சில் ரஷ்யாவில் புரட்சி எழுந்தது. மே, ஜூன் மாதங்களில் பிரெஞ்சுப் படையில் கலகம் பரவிற்று. ஒரு பொறி சேனை முழுவதையும் எரித்துவிடும் என்று அவர் அஞ்சினார். எல்லோரும் அஞ்சினால் ஒருவரையொருவர் அடக்குவார்கள் என்பது அவர் எண்ணம். மாணவர் விடுதியில் கண்ணாடி ஒன்று உடைந்தால், உடைத்தவன் அகப்படாதபோது எல்லோர் கணக்கிலும் தண்டம் எழுதுவதைப் பார்த்திருக்கிறோம். அதே தர்க்கந்தான் இதுவும். அங்கே போவது சில ரூபாய். இங்கே போனது உயிர்.

அந்தத் தர்க்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. தண்டனை ஒருவனைத் தடுக்க வேண்டுமானால், தவறு செய்தால் ஆபத்து கூடவும், செய்யாதிருந்தால் ஆபத்து குறையவும் வேண்டும். சீட்டு அந்தத் தொடர்பை அறுத்துவிடுகிறது. கட்டுப்பாட்டோடு இருந்தவனுக்கு அது எந்தக் காப்பும் தருவதில்லை. 1916 மே மாதத்தில் 12 பேரைக் கொன்று பாடம் புகட்டிய அதே பிரிகேடில்தான், பதினான்கு மாதங்களுக்குள் அந்த யுத்தத்தின் பெருங்கலகம் எழுந்தது என்பதை நோக்குக.

பிரெஞ்சு நாட்டில் என்ன நடந்தது? அங்கேயும் கொலைத் தண்டனை இருந்தது. ஆயினும் நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளுள் மிகப் பலவற்றை மாற்றிவிட்டார்கள். சுடப்பட்டோர் தொகை ஐம்பதுக்குள் அடங்கிற்று. புதிய தளபதி பெத்தேன் விடுப்பையும் உணவையும் சீர்செய்தார். பயனற்ற பெருந்தாக்குதல்களை நிறுத்தினார்.

பின்னர் நடந்தவை

1917 அக்டோபர் 24-ஆம் நாள் கபோரெட்டோவில் இத்தாலிய அணி உடைந்தது. சுமார் 3 இலட்சம் பேர் சிறைப்பட்டனர். அத்தோல்விக்குப் போர்த்திட்டப் பிழைகள் முதலிய காரணங்கள் பல உண்டு. கொடுந்தண்டனையே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் அக்கொடுமை அணியைக் காக்கவில்லை என்பது மட்டும் உறுதி. நவம்பரில் கடோர்னாவின் இடத்துக்கு ஆர்மாந்தோ தியாஸ் வந்தார். உணவு கூடிற்று, விடுப்பில் மேலும் பத்து நாள் சேர்ந்தது, சிப்பாய்களுக்கு இலவச ஆயுள் காப்பீடு கிடைத்தது. ஓராண்டில் அதே சேனை வென்றது.

யுத்தம் முடிந்தபின் கட்டன்சாரோ பிரிகேடைக் கலைத்துவிட்டார்கள். 1940-இல் லிபியாவில் அப்பெயருக்கு மீண்டும் உயிர் வந்தது. 141-உம் 142-உம் சேர்ந்த 64-ஆவது காலாட்படை டிவிஷனுக்குக் ‘கட்டன்சாரோ’ என்று பெயரிட்டார்கள். அந்த உயிர் ஓராண்டும் நிலைக்கவில்லை. 1940 டிசம்பரில் எகிப்தின் பாலைவனத்தில் பிரிட்டிஷ் சேனை தாக்கிற்று. சிதி பர்ரானியைப் பிடித்ததில் நம் நாட்டின் 4-ஆவது இந்திய டிவிஷனுக்குப் பெரும்பங்கு உண்டு. அதையடுத்துப் புக்புக் என்னுமிடத்தில் பிரிட்டிஷ் கவசப்படை கட்டன்சாரோ டிவிஷனின் பெரும்பகுதியைச் சிறைப்பிடித்தது. எஞ்சியவர்கள் 1941 ஜனவரி 5-ஆம் நாள் பார்தியாவில் ஆஸ்திரேலியப் படையிடம் சரணடைந்தனர். யுத்தகாலத்தில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட இத்தாலியக் கைதிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து பெங்களூர், போபால், டேராடூன், காங்ராவை அடுத்த யோல் ஆகிய இடங்களில் முகாம்களில் வைத்திருந்தார்கள். 1975-இல் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஒரு பட்டாளத்துக்கு 141 என்ற எண்ணும் கட்டன்சாரோ என்ற பெயரும் கிடைத்தன. 1990-களில் அதுவும் கலைந்தது. இன்று அப்பெயரில் படை இல்லை.

பதக்கமும் பதிவும்

இனி, நினைவில் வைக்கச் சொன்ன தேதிகளுக்கு வருவோம். தங்கப் பதக்கம் 1915 ஜூலை முதல் 1916 ஆகஸ்டு வரைக்குரியது. ஆசியாகோ மேட்டு நிலமும் அதில் அடங்கும். அப்படியானால் 1916 மே 28-ஆம் நாள் சுடப்பட்ட பன்னிருவரும் அந்தப் பதக்கம் பெற்ற படையினரே. பதக்கத்துக்குரிய காலத்திலேயே அதில் பணியாற்றியவர்கள். முந்திய பத்து மாதங்கள் அப்படை சான் மிக்கேலேயிலும் ஒஸ்லாவியாவிலும் போரிட்டது. அந்த வீரத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்? ஒரே படை வீரமும் காட்டியது, அச்சமும் கொண்டது. மே 26-க்கும் 27-க்கும் இடையே ஓர் இரவே தூரம்.

அந்த யுத்தத்தில் இத்தாலிய இராணுவ நீதிமன்றங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட மரண தண்டனைகளை விதித்தன. பெரும்பாலானவை ஆள் அகப்படாமலே விதித்தவை. நிறைவேறியவை சுமார் 750. விசாரணையின்றிக் கொன்றவை இக்கணக்கில் சேரா. என்ஸோ போர்ச்செல்லா, அல்பெர்த்தோ மொந்திகோனே என்னும் இருவர் 1968-இல் வெளியிட்ட நூல் இத்தீர்ப்புகளை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. சுடப்பட்ட தன் படைவீரர் 306 பேருக்கு பிரிட்டன் 2006-இல் மன்னிப்பு வழங்கிச் சட்டம் செய்தது. இத்தாலியில் 2015-இல், சுடப்பட்டோரின் நற்பெயரை மீட்கும் மசோதாவைக் கீழவை நிறைவேற்றியது. மேலவையில் அது சட்டமாகாமலே நின்றுபோயிற்று.

சட்டம் வரட்டும், வராதிருக்கட்டும். விஞ்ஞான மாணவர்களாகிய நமக்கு இதில் கற்பதற்கு ஒன்றுண்டு. நாம் நாள்தோறும் சராசரிகளோடு பழகுகிறோம். நூற்றில் இத்தனை, பத்தில் ஒன்று என்று எளிதாக எழுதிவிடுகிறோம். துகள்களைப் பற்றி எழுதும்போது அதில் பிழையில்லை. ஒரு துகளுக்கும் இன்னொரு துகளுக்கும் வேறுபாடு இல்லை. மனிதனை எண்ணும்போது அப்படியன்று. 6-ஆம் கம்பெனியில் வரிசையாக நின்ற 120 பேருள் ஒவ்வொருவனும் முந்திய இரவில் ஏதோ ஒன்றைச் செய்தவன், அல்லது செய்யாதவன். அதைக் கேட்டறிவதற்கு நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும், சில சமயம் விடை கிடைக்காமலும் போகும். விடை கிடைக்காதபோது தெரியவில்லை என்று எழுதுவதே ஆராய்ச்சியாளனின் நேர்மை. தண்டியாமல் விடுவதே நீதிபதியின் நேர்மை. தெரியாத இடத்தைச் சீட்டால் நிரப்புவது இருவருக்கும் தகாது.